உரக் கிடங்குக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்குச் சாவி உன் கைக்கு வந்திருக்கிறது. நெல் கிடங்கில் வேலை பழகியவன் நீ என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்குக் காற்றோட்டம் வேண்டும், கதவைத் திறந்து போடுவோம். உரத்துக்கு அந்தப் பழக்கம் ஆகாது. தஞ்சைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்து கிடக்கும் கதவு, ஒழுகும் கூரையைவிடக் குறைந்த கேடு இல்லை.

ஒவ்வோர் உரத்துக்கும் ஓர் ஈரப்பத எல்லை உண்டு. காற்று அதைத் தாண்டினால் உரம் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். 30 டிகிரி வெப்பத்தில் யூரியாவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 73 சதவீதம், டி.ஏ.பி.க்கு 82, பொட்டாஷுக்கு 84. மழைக்கால இரவுகளில் நம் ஊர்க் காற்று மூன்றையுமே தாண்டி நிற்கும். அப்போது குருணையின் மேற்பரப்பு லேசாகக் கரைகிறது. பகலில் காயும்போது, கரைந்தது குருணைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் படிகமாகி இரண்டையும் பிணைக்கிறது. மறுநாள் இரவு மறுபடியும் அதே கதை. பயிருக்கு நன்மை செய்யும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் மூட்டைக்குள் உரத்தைக் கல்லாக்குகிறது. மேல்மூட்டைகளின் பாரம் குருணைகளை நெருக்குவதால் அடிவரிசை முதலில் இறுகும். தூள் மிகுந்த மூட்டை இன்னும் சீக்கிரம் இறுகும், தொட்டுக்கொள்ளும் இடங்கள் அதில் அதிகம்.

சங்கத்தில் கேட்டு ஓர் ஈரப்பதமானி வாங்கு. அது வரும்வரை வெளித் திண்ணையில் ஒரு தட்டில் கல்லுப்பு வை. சுத்தமான உப்பு கசியும் எல்லை 75. கல்லுப்பு அதிலுள்ள மெக்னீசியத்தால் சற்று முன்னதாகவே கசியும். அந்த முன்னெச்சரிக்கைதான் உனக்கு வேண்டும். உப்பு பிசுபிசுத்தால் கதவைச் சாத்து. உலர்ந்த வெயில் நேரத்தில் மட்டும் திற.

சிமெண்ட் தரையும் ஈரம் ஏற்றும். மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் அட்டி போடு. முன்னால் வந்த மூட்டை முன்னால் போகட்டும். கொக்கி போட்டுத் தூக்க வேண்டாம் என்று லோடுமேன் அண்ணன்மாரிடம் பொறுமையாகச் சொல். அவசரத்தில் அவர்கள் மறப்பது இயல்பு. மூட்டையின் உள்ளுறையில் விழும் ஒரு துளை போதும், நீ கதவைச் சாத்திக் காத்ததெல்லாம் வீண்.

விவசாயிகள் உரங்களைக் கலப்பதைப் பற்றிக் கேட்பார்கள். யூரியாவையும் பொட்டாஷையும் சேர்த்துவிட்டால் ஈர எல்லை 60க்கு இறங்கிவிடும். வரப்பிலேயே கலந்து உடனே தெளித்துவிடச் சொல். சூப்பர் பாஸ்பேட்டோடு யூரியாவைக் கலந்து வைத்தால் இன்னும் மோசம்: சூப்பருக்குள் பிணைந்திருக்கும் தண்ணீரை யூரியா வெளியே தள்ளி, முழுவதையும் குழம்பாக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சில மூட்டைகள் இறுகும். அவற்றைத் தரையில் உருட்டு, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிப் போடு, பிரித்துச் சலி. சம்மட்டியால் அடித்துத் தூளாக்காதே, அந்தத் தூளே அடுத்த கட்டிக்கு விதை. பலத்தைக் காட்டியதன் விலையை ஜெர்மனியின் ஒப்பாவ் ஊர் கொடுத்தது. அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரக்குவியல் அங்கே பாறையாய் இறுகியிருந்தது. அதை டைனமைட் வைத்துப் பிளப்பது வழக்கம். பலமுறை ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 அன்று குவியலே வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உன் கிடங்கின் யூரியா அப்படி வெடிக்காது. ஆனால் இறுகிய உரத்தின் மேல் கை வைக்குமுன் அது என்ன உரம் என்று பார்க்கும் பழக்கம் உனக்கு வரவேண்டும்.

கட்டிபட்ட யூரியாவின் 46 சதவீதத் தழைச்சத்து எங்கும் போய்விடுவதில்லை. அதை விவசாயியிடம் மறைக்காமல் சொல்லிக் கொடு. நல்ல மூட்டைகளுக்கு நடுவே ஒளித்து அனுப்பாதே. உடைக்காமல் வீசினால், கட்டி விழுந்த இடத்தில் பயிர் கருகும், மற்ற இடம் வெளிறி நிற்கும்; நஷ்டம் அவருக்குத்தான்.

பாதி மூட்டையை மிச்சம் வைப்பவர்களிடம் உள்ளுறையின் வாயை முறுக்கிக் கட்டச் சொல். மாட்டுக்கொட்டகையில் வைக்கவே வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல். அங்கே ஈரம் அதிகம். அதோடு, மாடு யூரியாவைத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

அன்புடன்,
உன் அண்ணன்