பங்குச்சந்தைக் கல்வி: ஆசிரியரை ஆராய்ந்தறிதல்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த தேவாரத்தில் ஏலக்காயை அறியாதார் இலர். மலைமேல் விளையும் அக்காய் போடிநாயக்கனூர் ஏலத்திற்கு வருங்கால், வியாபாரி மாதிரியைக் கையிலெடுத்து, நிறமும் பருமனும் நோக்கிய பின்னரே விலை கூறுவார். ஏலம் நடத்துவோர் நறுமணப்பொருள் வாரியத்தின் உரிமம் பெற்றிருத்தலும் வேண்டும். இத்துணை விழிப்புள்ள ஊரில், சென்ற விடுமுறையில் யாம் கேட்ட செய்தியொன்று எம்மை வருத்திற்று. நம் கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவர், கைப்பேசியிற் கண்ட பங்குச்சந்தை வகுப்பொன்றிற்கு நாற்பதினாயிரம் ரூபாய் செலுத்தினார். ஆசிரியர் காட்டிய வழியே ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கினார். தந்தையார் காய் விற்றுச் சேர்த்த பொருளையும் இழந்தார். காயை ஆராயும் குடியிற் பிறந்த அவர், ஆசிரியரை ஆராய்ந்தாரில்லை.

பங்கு வாங்குதல் தீதன்று. நல்ல தொழிலொன்றின் ஒரு கூற்றுக்கு உரியவராகி, அதன் வளர்ச்சியோடு நெடுநாள் பொறுத்திருத்தல் முதலீடாகும். நாள்தோறும் விலையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்துப் பொருள் ஈட்ட முயல்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத ஆசிரியரிடம் மாணாக்கர் செல்லுதல் தகாது. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் ஆப்ஷன் முதலிய ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். செலவு போக ஓர் இலட்ச ரூபாய்க்கு மேல் ஆதாயம் கண்டோர் நூற்றுக்கு ஒருவரே. இவ்வுண்மையை முதல் நாளிலேயே கூறாதவர் கற்பிக்கவில்லை, விற்கிறார்.

ஆசிரியரின் பகட்டும் சான்றாகாது. 'பாப் ஆப் சார்ட்' என்னும் பெயரால் வகுப்பு நடத்தியவர்மேல் செபி 2023 அக்டோபரில் இடைக்கால ஆணை பிறப்பித்து, 17 கோடியே 20 இலட்ச ரூபாயை முடக்கிற்று. 2021 சனவரி முதல் 2023 சூலை வரை அவர் தம் சொந்த வியாபாரத்தில் ஏறக்குறைய 2 கோடியே 89 இலட்ச ரூபாய் இழந்திருந்தார் என்பதும் அவ்வாணையில் வெளியாயிற்று. தமக்கு வாராத வித்தையைப் பிறர்க்கு விலை கூறினார் என்க.

ஆகலின் கட்டணம் செலுத்துமுன் மாணாக்கர் மூன்று வினாக்களை எழுப்புக.

முதலாவது, இவர் கற்பிக்கிறாரா, ஆலோசனை கூறுகிறாரா? பங்கின் இலக்கணத்தைக் கற்பிக்க உரிமம் வேண்டுவதில்லை. "இன்ன பங்கை இன்ன விலைக்கு வாங்குக" என்று கட்டணம் பெற்றுக் கூறுவோர்க்கோ செபியின் பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகரின் பதிவெண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளரின் பதிவெண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். அவ்வெண்ணைச் செபியின் வலைத்தளத்திலேயே ஒப்பிட்டு நோக்குக. அவர் அனுப்பும் படத்தை நம்பற்க.

இரண்டாவது, ஆதாயத்தை உறுதி கூறுகிறாரா? சந்தையில் உறுதி கூற வல்லார் எவருமிலர். அங்ஙனம் கூறுவோரை அச்சொல்லாலேயே நீக்குக.

மூன்றாவது, "இன்றே சேர்க" என விரைவுபடுத்துகிறாரா? மெய்யான கல்வி நாளைக்கும் இருக்கும்.

இனி, எங்குக் கற்பது? செபி 2006-இல் நிறுவிய தேசியப் பத்திரச் சந்தைக் கழகம், முதலீட்டாளர்க்கெனத் தேர்வொன்றைக் கட்டணமின்றி இணையவழி நடத்துகிறது. அதற்குரிய பாடமும் இலவசமே. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் பங்குச்சந்தைகளின் வலைத்தளங்களில் எவரும் படிக்கத் திறந்துள்ளன. ஓர் ஆண்டறிக்கையை அகராதி துணையோடு முற்றப் படித்தவர், பத்து வகுப்புகளில் பெறாத அறிவைப் பெறுவர். வணிகவியல் ஆசிரியர்பால் ஐயம் வினவவும் நம் மாணாக்கர்க்குத் தடையில்லை. வஞ்சிக்கப்பட்டோர் நாணி மறைத்தல் வேண்டா. பணம் பறிபோனவுடன் 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்தால் அதனை இடைமறிக்கக் கூடும்.

பவுலடிகள் உரைத்ததையும் பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர்; அதற்காக இகழப்படவில்லை, புகழப்பட்டனர். அப்போஸ்தலர் சொல்லையே ஆராயலாமெனின், கைப்பேசியில் தோன்றும் முகமறியா ஆசிரியரின் சொல்லை ஆராய்தல் பிழையாகுமோ? போடி ஏலத்தில் தந்தையர் காட்டும் விழிப்பை, மைந்தர் கல்வியிலும் காட்டுவாராக.