விசா வேறு, தங்கும் நாள் வேறு

பேரக்குழந்தைகளைக் காண ஊரிலிருந்து அமெரிக்கா வரும் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பத்தாண்டு விசா இருந்தால், இனிக் கவலையில்லை என்று அன்பர்கள் பலர் எண்ணுவதுண்டு. அதன் பொருளைச் சற்று விளங்கிக் கொள்வோம்.

விசா என்பது வாசல்வரை வந்து, உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் உள்ள அதிகாரியே முடிவு செய்கிறார். அந்த நாள் பதியப்படும் ஆவணம் ஐ-94. முன்பு இது பாஸ்போர்ட்டில் இணைத்துத் தரப்படும் வெள்ளை அட்டையாக இருந்தது. விமானத்தில் வருவோருக்கு 2013 முதல் கணினியில் பதிவாகிறது; நாமே அச்செடுத்துக் கொள்ள வேண்டும்.

பி-2 விசாவில் வருவோருக்குப் பொதுவாக ஆறு மாதம் தருகிறார்கள். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால், அந்த நாள் வரை மட்டுமே கிடைக்கக்கூடும். ஆகவே பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது நல்லது.

ஓர் உதாரணம் காண்போம். ஜனவரி 10 அன்று வந்த தாயாருக்கு ஐ-94இல் ஜூலை 9 என்று இருக்கிறது. அவர் அன்றைக்குள் புறப்பட வேண்டும். விசாவில் இன்னும் எத்தனை ஆண்டு மீதமிருந்தாலும், ஜூலை 10 முதல் அவர் தங்குவது சட்டப்படி செல்லாது. அந்த விசாவும் ரத்தாகிவிடும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவ்வாறு 180 நாட்களுக்கு மேல் தங்கிப் புறப்பட்டவர் 3 ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் 10 ஆண்டுகளும் திரும்பி வர இயலாது. வயதான பெற்றோருக்கு அது எத்தனை நீண்ட காலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் கூடுதலாகத் தங்க நேர்ந்தால், ஐ-539 விண்ணப்பத்தைக் கெடு முடியுமுன் அனுப்ப வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாக அனுப்புமாறு குடிவரவுத் துறையே அறிவுறுத்துகிறது. மருத்துவர் கடிதம், செலவுக்குப் பணம் உள்ளதற்கான சான்று, ஊர் திரும்பும் எண்ணத்துக்கான சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

பெற்றோர் வந்த வாரத்திலேயே மூன்று காரியம் செய்வோம்: ஐ-94ஐ அச்செடுப்போம், பெயரும் நாளும் சரியா என்று பார்ப்போம், திரும்பும் டிக்கெட்டின் தேதி அதற்குள் அடங்குகிறதா என்று ஒப்பிடுவோம். பிறகு அந்த நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிட்டு, நிம்மதியாக அவர்களோடு இருப்போம்.