விடைக்கோழிகளுக்கு முட்டைப் பெட்டியும் தங்குகம்பும் பழக்குதல்

நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னே சென்று வாழக் கற்கிறது. இரை கிளறவும், பருந்தைக் கண்டு பதுங்கவும், பொழுது சாய்ந்ததும் உயர்ந்த இடத்தில் ஏறித் தங்கவும் தாயே அதற்கு வழிகாட்டி. பொறிப்பான்களில் வெளிவரும் குஞ்சுகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா முதலியவற்றின் குஞ்சுகள், செயற்கை வெப்பத்தில் சில வாரம் வளர்க்கப்பட்ட பின்னரே பெரும்பாலும் வீடுகளுக்கு வழங்கப்படுகின்றன. தாயைக் காணாத இக்குஞ்சுகளுக்குத் தாய் கற்பிக்க வேண்டியதை வளர்ப்போரே கற்பித்தல் வேண்டும்.

இதனைப் புறக்கணித்தால் நேரும் இழப்பு சிறிதன்று. புதரில் இட்ட முட்டை கீரிக்கு இரையாகும். கொட்டிலின் தரையில் இட்ட முட்டை எச்சத்தால் அழுக்குறும், மிதிபட்டு உடையும். உடைந்த முட்டையைச் சுவைத்த கோழி, நல்ல முட்டையையும் கொத்தி உண்ணப் பழகுவதுண்டு. இரவில் தரையில் உறங்கும் கோழியை மரநாயும் தெருநாயும் எளிதில் பற்றும். சிற்றூர்களில் முட்டை விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவது. எனவே இழப்பும் முதலில் அவர்களையே சாரும்.

இயல்பும் பழக்கமும்

கூடு தேடும் உந்துதல் கோழிக்குப் பிறவியிலேயே அமைந்தது. சினைப்பையிலிருந்து கரு விடுபட்டது முதல் முட்டை வெளிவரும் வரை ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. கரு வெளியேறிய வெறும் நுண்பை அழிந்துவிடாமல் சினைப்பையிலேயே தங்குகிறது. மறுநாள் கோழி அமைதியிழந்து கூடு தேடுவதற்கு இந்நுண்பையே காரணம் என்பது 1960-களில் நடந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆயின் எவ்விடத்தைத் தேர்வது என்பது பழக்கத்தைச் சார்ந்தது. முதல் சில முட்டைகளை இட்ட இடத்தையே பெரும்பாலான கோழிகள் மீண்டும் நாடுகின்றன. ஆகவே முதல் முட்டைக்கு முன்னரே பயிற்சி முற்றுப்பெறுதல் வேண்டும்.

தங்குகம்பு

இரண்டுக்கும் முற்பட்டது கம்புப் பயிற்சியே. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சுவீடன் நாட்டு ஆய்வில், ஒரு பிரிவுக் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தும், மற்றொரு பிரிவுக்கு 8 வாரங்களுக்குப் பின்னரும் கம்புகள் அளிக்கப்பட்டன. 16 வாரத்தில் தீவனத்தை உயரத்தில் வைத்துச் சோதித்தனர். 40 செ.மீ. உயரத்தில் இரு பிரிவும் ஒத்தே இருந்தன. உயரமும் கடினமும் மிகமிக, தாமதமாகக் கம்பு கண்டவை பின்தங்கின. உயரத்தை அளந்து தாவும் திறன் இளமையிலேயே அமைய வேண்டும் என்பது இதன் கருத்து. தாவி ஏறத் தெரியாத கோழி, உயரத்திலுள்ள முட்டைப் பெட்டியையும் அடையாது தரையிலேயே முட்டையிடும்.

குஞ்சுகள் நான்கு வார வயதை எட்டுமுன் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தாழ்ந்த கம்பொன்று அமைக்கலாம். அவை வளர வளர உயரத்தைக் கூட்டுக. கம்பு 4 முதல் 5 செ.மீ. அகலமும், மழுங்கிய விளிம்பும் உடையதாய், அசையாமல் இருத்தல் வேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு 15 முதல் 20 செ.மீ. நீளம் தேவை. வெடிப்புள்ள மூங்கிலில் உண்ணிகள் ஒளியும், அதனைத் தவிர்க்க.

கம்பில் ஏறாத கோழிகளை அந்தி மயங்கியபின் மெல்ல எடுத்துக் கம்பில் அமர்த்துக. இருளில் கோழிக்குப் பார்வை மங்குவதால், அமர்த்திய இடத்திலேயே அது தங்கிவிடும். சில மாலைகள் தொடர்ந்து இவ்வாறு செய்தால் பெரும்பாலானவை தாமே ஏறப் பழகும்.

முட்டைப் பெட்டி

முட்டையிடும் பருவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே பெட்டிகளை வைத்துவிடுக. நீள அகலம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. அளவில், நான்கைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும். மூங்கிற்கூடையும், ஒருபுறம் திறந்த தகர டின்னும் இதற்கு ஏற்றவை. டின்னின் வெட்டு விளிம்பை மடக்கிவிடுதல் வேண்டும். உள்ளே வைக்கோல் பரப்புக. பெட்டி ஒதுக்குப்புறமாகவும் மங்கிய ஒளியிலும் இருத்தல் நன்று. மாறாக, கொட்டிலின் இருண்ட மூலைகளில் வெளிச்சம் விழச் செய்க; இன்றேல் கோழிகள் அம்மூலைகளையே கூடாகக் கொள்ளும்.

பெட்டி தங்குகம்பைவிடத் தாழ்வாகவே இருத்தல் வேண்டும். கோழிகள் உறங்குவதற்கு உயர்ந்த இடத்தையே நாடுமாதலின், பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே உறங்கி எச்சமிடும். மாலையில் பெட்டியை மூடி, விடியுமுன் திறப்பது இப்பழக்கத்தைத் தடுக்கும்.

ஒரு முட்டையைக் கூடையிலேயே விட்டுவைக்கும் கிராம வழக்கம் பொருளுடையது. அதைக் கண்டு பிற கோழிகளும் அங்கே வரும். மரத்தால் செய்த போலி முட்டையும் இதற்குப் போதும். பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே இடப்படுவதால், தொடக்க வாரங்களில் காலை 10 மணி வரை கோழிகளைக் கொட்டிலிலேயே நிறுத்துக. தரையில் கிடக்கும் முட்டையை உடனே அகற்றுக. தரையில் அமர்ந்து இடத்தைக் கிளறும் கோழியை அதட்டாமல் எடுத்துப் பெட்டியில் விடுக.

பள்ளிக்குரிய செய்முறை

பள்ளியிலோ அருகிலுள்ள வீட்டிலோ வளரும் கோழிகளைக் கொண்டு மாணவர் ஒரு பதிவேடு வைக்கலாம். பெட்டியில் கிடைத்தவை, தரையில் கிடைத்தவை, வெளியே கிடைத்தவை என மூன்று பத்திகளில் நாள்தோறும் எண்ணிக்கை எழுதுக. எடுத்துக்காட்டாக, ஒரு வாரத்தில் 60 முட்டைகளுள் 12 தரையில் கிடைத்தால் தரை முட்டை 20 விழுக்காடு. பெட்டியின் இடம், ஒளி, கூளம் இவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த வாரக் கணக்கோடு ஒப்பிடுக. களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது, குஞ்சு வழங்கும் நாளிலேயே தாழ்ந்த கம்பு ஒன்றையும் அமைத்துக் காட்டுதல் நலம்.