உங்கள் உடலைப் படிக்கும் குதிரை

கணக்குப் போடும் குதிரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜெர்மனியிலுள்ள பெர்லின் நகரில் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்னும் குதிரையை வளர்த்து வந்தார். "ஏழும் ஐந்தும் எத்தனை?" என்று கேட்டால், அது முன்னங்காலால் பன்னிரண்டு முறை தரையைத் தட்டிவிட்டு நின்றுவிடும். 1904ஆம் ஆண்டு அறிஞர் குழு ஒன்று நேரில் வந்து ஆராய்ந்தது. மோசடி எதுவும் தென்படவில்லை.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஓர் எளிய மாறுதல் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதவாறு கேள்விகளை அமைத்தார். ஹான்ஸ் திணறியது! கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் திணறியது. நடந்தது இதுதான்: கேள்வி கேட்டதும், குளம்பைக் கவனிக்க மனிதரின் தலை சற்றே குனிகிறது, குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் இறுக்கம் தளர்ந்து தலை மயிரிழை நிமிர்கிறது, குதிரை நிறுத்துகிறது. அப்படி அசைவது ஆஸ்டனுக்கே தெரியாது. ஃபுங்ஸ்ட்டும் முதலில் தம்மையறியாமல் அதையே செய்து கொண்டிருந்தார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று பலர் ஏமாற்றமடைந்தனர். எனக்கோ, கணக்கைவிட இதுவே பெரிய வித்தை என்று தோன்றுகிறது.

குதிரைக்கு ஏன் இந்தத் திறமை? அது வேட்டையாடப்படும் விலங்கு. கூட்டத்தில் ஒன்று விறைத்து நின்றால் மற்றவையும் உடனே ஓடத் தயாராக வேண்டும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஓர் ஈ உட்கார்ந்தாலும் தோலைச் சிலிர்த்து விரட்டும்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்றைக் கேளுங்கள். குதிரையுடன் ஒரே பாதையில் நான்கு முறை செல்ல வேண்டும்; நான்காம் முறை ஒருவர் குடையை விரிப்பார் என்று மனிதர்களிடம் சொல்லி வைத்தார்கள். உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. குதிரையின் துடிப்பும் ஏறியது! குடையைப் பற்றிக் குதிரையிடம் யார் சொன்னார்கள்? நாம் பயந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தோள் உயர்கிறது, கடிவாளம் பிடித்த கை இறுகுகிறது. செய்தி போய்விடுகிறது.

ஆகவே குதிரை அருகே செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பழக்குபவரின் அனுமதியுடன் அதன் தோள் பக்கமாகச் செல்லுங்கள். வாலுக்கு நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. அங்கே நின்றால் உதைபடலாம். உடனே தொடாதீர்கள். உங்கள் பாதங்கள் தரையில் பதிந்திருக்கின்றனவா? பற்களைக் கடித்திருக்கிறீர்களா? மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும்; நீங்கள் அவசரப்படவே வேண்டாம்.

குதிரை இல்லையா? ஓர் அடி நூலில் திருகுமரை ஒன்றைக் கட்டி விரல்களால் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், அது முன்னும் பின்னும் ஆடுவதாக நினைத்துக்கொண்டே பாருங்கள். விரைவில் ஆடத் தொடங்கும். பிரெஞ்சு வேதியியலறிஞர் ஷெவ்ரல் 1833இல் இதை விளக்கினார்: ஆட்டுவது உங்கள் தசைகளே. இனி விரல்களை ஒரு பலகைமேல் ஊன்றிக்கொண்டு செய்யுங்கள். பிறகு கண்களைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன நடக்கிறது என்பதை ஒரு நண்பர் குறித்துக்கொள்ளட்டும்.