தடைக்காலத்தில் திறக்கலாம் தெருநூலகம்

காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் குப்பத்திலோ நூலகம் தொடங்க நாள் பார்க்கிறீர்களா? ஏப்ரல் 15. அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பெரிய லீவு.

தனி அறை தேடி அலையாதீர்கள். ஏற்கெனவே ஆள் உட்காரும் இடம் போதும்: கேரம் கிளப், டீக்கடை, சலூன். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் முடிதிருத்தும் கடையிலேயே நூலகம் வைத்தார்; 2020இல் பிரதமர் வானொலியில் அவரிடம் பேசினார். இந்த இடங்களுக்குப் பெண்கள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தையல் கடையில் ஒரு புத்தகப் பெட்டி.

இரும்பு அலமாரி கூடாது, உப்புக்காற்று தின்றுவிடும். மரப்பலகை, அதுவும் நெஞ்சு உயரத்தில். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே எண்ணெய் புகுந்தது நினைவிருக்கட்டும்.

எல்லாரும் சறுக்குவது புத்தகத் தேர்வில்தான். நன்கொடை கேட்டதும் மூட்டை மூட்டையாக வரும்: பழைய நோட்ஸ், இன்ஜினீயரிங் கைடு, அட்டை போன ஆங்கில நாவல். முதல் தடவை வெட்கப்பட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன்; ஒரு மாதம் யாரும் தொடவில்லை. இப்போது முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நாற்பது புத்தகம் தாராளம். பாதி, பிள்ளைகள் ஒரே மூச்சில் முடிக்கிற பதினாறு பக்கப் படக்கதைகள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவரிடம் மட்டும் அந்த முயல், நரிக் கதையை நீட்டாதீர்கள். அவமானப்பட்டு எழுந்து போய்விடுவார். அவருக்குத் தினத்தந்தி. அதில் வரும் கன்னித்தீவு படக்கதையிலேயே எழுத்துக் கூட்டிப் பழகியவர்கள் இங்கே எத்தனையோ பேர். கூடவே சட்ட உரிமை, எந்திரப் பழுது, சமையல் என்று பெரிய எழுத்துச் சிறுநூல்கள். வலை பின்னும் இடத்தில் ஒரு பெண்பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், கை வேலை நிற்காமலே காது கொடுப்பார்கள்.

கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு: பெயர், புத்தகம், தேதி. முன்பணமும் அபராதமும் வேண்டவே வேண்டாம். அஞ்சு ரூபாய் அபராதத்துக்குப் பயந்து ஒரு பிள்ளை வராமல் நின்றால், புத்தகமும் போச்சு, பிள்ளையும் போச்சு.

ஜூன் 15இல் படகுகள் கிளம்பும்போது, நாள்கணக்கில் கடலில் தங்குகிறவர்களுக்கு இரண்டு புத்தகம் பாலிதீன் உறையில் கட்டிக் கொடுங்கள். ஈரத்தோடும் மீன் வாடையோடும்தான் திரும்பி வரும். நிழலில் விரித்துக் காய வையுங்கள்; வெயிலில் போட்டால் அட்டை சுருண்டுவிடும்.