டன்சினன் எந்த நாட்டில்?

கேள்வி: தோட்டத்துப் பெரியவர்களின் நினைவுகளைத் தொகுக்கிறோம். ஊர்ப் பெயர்களைக் கணினியே அடையாளம் காணும்படி செய்தால், இலங்கையின் பூண்டுலோயாவிலுள்ள டன்சினன் தோட்டத்தை ஸ்கொட்லாந்துக்கு அனுப்பிவிடுகிறது. ஏன்?

பதில்: பெயர் அங்கிருந்து வந்ததுதானே! ‘மெக்பெத்’ நாடகத்தில் வரும் மலை அது. துரைமார் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நம் தோட்டத்துக்குச் சூட்டினார்கள். விக்கித்தரவு போன்ற தரவுத்தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும், அடையாள அட்டை போல, தனி எண் உண்டு. ஒரே பெயருக்குப் பல எண்கள் இருந்தால், கணினி பெரும்பாலும் புகழ்பெற்றதன் பக்கமே சாயும். பக்கத்தில் ‘கொழுந்து’, ‘லயம்’, ‘தலவாக்கலை’ என்று வந்தால் அதைக் கவனிக்கக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கிரேட் வெஸ்டர்ன் இன்னும் வம்பு. மலையும் அதுவே, தோட்டமும் அதுவே, ரயில் நிலையமும் அதுவே. இங்கிலாந்தில் ஒரு பழைய ரயில் கம்பெனிக்கும் அதே பெயர். “கிரேட் வெஸ்டர்ன்ல இறங்கி நடந்தோம்” என்றால் நிலையம். “கிரேட் வெஸ்டர்ன்ல பேர் பதிஞ்சேன்” என்றால் தோட்டம். வினைச்சொல்லே வழிகாட்டி.

ஒரே ஊரைக் குறிக்கும் அட்டன், ஹட்டன் இரண்டையும் ஒரே பதிவின் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். பதிவே இல்லாத தோட்ட டிவிசன்களை வேறு பதிவுகளோடு வலிந்து இணைக்காமல், ஆயத்தொலைவுகளுடன் புதிதாகப் பதியுங்கள்.