அஸ்திபாரத் தொனி தெளிவாயிருக்கட்டும்
(பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும், கேட்கிறவர்களுக்கும் ஒரு பாடம்)



சபையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பியை யாரும் தனியாகக் கவனிக்கிறதில்லை. ஆராதனை முடிந்ததும், "கீபோர்டு நல்லா இருந்துச்சு", "அந்தப் பிள்ளை நல்லா பாடுச்சு" என்பார்கள். பேஸ் பற்றிப் பேச்சே வராது. ஆனாலும் அந்த ஒரு சத்தம் குழம்பினால் சபையின் பாட்டே குழம்பிப்போகும். பின்வரிசையில் பாட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற வயதான அம்மா, "திம் திம்னு சத்தம்தான் வருது, வார்த்தை ஒண்ணும் கேக்கலையே" என்று பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொள்வார்கள். துதிக்க வந்த ஓர் ஆத்துமா துதிக்காமல் வீடு திரும்புவது சின்னக் காரியமா?

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது வாத்தியங்களை உதாரணமாக எடுக்கிறார் (1 கொரி. 14:7,8). தொனிகளில் வேறுபாடு தெரியாவிட்டால், என்ன வாசிக்கிறார்கள் என்றே விளங்காது என்பது அவர் கருத்து. அவர் பேசுவது பாஷையைப் பற்றி. ஆனாலும் வாத்தியக்காரனுக்கும் அதில் பாடம் உண்டு. நல்ல பேஸ் தொனிக்கு அளவுகோல் ஒன்றே: அதைப் பிடித்துக்கொண்டு சபை சுருதியும் தாளமும் தவறாமல் பாடுகிறதா?

1. இந்தத் தொனி வந்த வழி

காஸ்பல் இசை அமெரிக்காவின் கறுப்பின சபைகளில் வளர்ந்தது. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் எழுப்புதல் உண்டான பிறகு, சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகள் டிரம், கிட்டார், தம்புரு எல்லாவற்றையும் ஆராதனைக்குள் வரவேற்றன. கண்பார்வையற்ற சகோதரி அரிசோனா டிரேன்ஸ் 1926-ல் சிகாகோவில் பியானோ வாசித்துப் பாடி இசைத்தட்டுகள் பதிவு செய்தார். பியானோவின் இடதுகைதான் அன்று பேஸ். 1935-ல் ஹேமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிய சபைகளில் ஆர்கன் வாசிக்கிறவரின் இடதுகையும் கால்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்கிற மின்சார பேஸ் கிட்டாரை வெளியிட்டார். பிற்பாடு அது பாடகர் குழுக்களுக்கும் துணையாய் வந்து சேர்ந்தது.

இதைக் கவனியுங்கள். வாத்தியம் மாறினாலும் வேலை மாறவில்லை. பாடுகிறவர்களுக்குக் கீழே நின்று தாங்குவதே அந்த வேலை.

2. தொனி கையில் பிறக்கிறது

"விலையுயர்ந்த கிட்டார் இருந்தா நானும் நல்லா வாசிப்பேன்" என்று சொல்லுகிற தம்பிமாரே, முதலில் உங்கள் கையைப் பாருங்கள். நெக் பக்கமாய்த் தந்தியை மீட்டினால் சத்தம் உருண்டையாக வரும். அமைதியான ஆராதனைப் பாடல்களுக்கு அது ஏற்றது. பிரிட்ஜ் பக்கமாய் மீட்டினால் சத்தம் இறுகி, ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கும். கறுப்பின சபைகளில் 'ஷவுட்' என்று சொல்லுகிற வேகமான துதிக்கு இதுவே வேண்டும். அந்த வேகத்தில் உருண்டையான சத்தத்தை வாசித்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும்.

இரண்டு விரலும் ஒரே பலத்தில் மீட்டப் பழகுங்கள். இடதுகை விரல், பிரெட் கம்பியை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தட்டும்; நடுவில் அழுத்தினால் சத்தம் கரகரக்கும். முக்கியமாக, ஸ்வரத்தை நிறுத்தப் பழகுங்கள். வாசிக்காத தந்திகளை வலதுகைக் கட்டைவிரலாலும் இடதுகை விரல்களாலும் தொட்டு அமர்த்தி வையுங்கள். அமர்த்தாத தந்தி தானாக முனகிக்கொண்டே இருக்கும். "பேஸ் குழப்புது" என்று சபையார் சொல்லுவதில் பாதி இந்த முனகல்தான்.

3. தந்தியும் நாப்களும்

வட்டக்கம்பி சுற்றிய தந்தி பளிச்சென்று பேசும். தட்டைக்கம்பி சுற்றியது மந்தமாக, வெதுவெதுப்பாகப் பேசும். பழைய காஸ்பல் சத்தம் விரும்புகிறவர்கள் அதைப் போடலாம். எதுவானாலும் வாசித்தபின் வியர்வையைத் துணியால் துடையுங்கள். புதுத் தந்தி வாங்கப் பணமில்லையா? பழைய வட்டக்கம்பித் தந்தியைக் கழற்றித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில வாரங்களுக்கு உயிர் வரும்.

காஸ்பல் பாடல்களில் ஈ பிளாட், ஏ பிளாட், டி பிளாட் போன்ற சுருதிகள் அதிகம். நான்கு தந்தி பேஸில் ஈ-க்குக் கீழே போக முடியாது. ஆகவேதான் ஐந்து தந்தி பேஸ் அங்கே பிரபலமானது. நான்கு தந்திதான் கையில் இருக்கிறது என்றால் கவலைப்படாதிருங்கள். மேல் ஈ பிளாட்டை வாசியுங்கள், சபை அழகாகப் பாடும்.

இப்போது ஆம்ப். முதல் பிழை, பேஸ் நாபை முழுக்கத் திருப்பி வைப்பது. ஈ தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. நம் சபைகளிலுள்ள சின்ன பாக்ஸ்கள் பலவும் அவ்வளவு கீழ்ச் சத்தத்தைத் தருவதில்லை. ஆனால் அதே தந்தியில் 82, 123 என்று மேலதிர்வுகளும் உண்டு. அவை தெளிவாய்க் கேட்டால், அடிச் சத்தத்தை நம் காதே சேர்த்துக்கொள்ளும். ஆகவே எல்லா நாபையும் நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். சத்தம் புரியவில்லையென்றால் பேஸைக் கொஞ்சம் குறைத்து, மிடிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கிராஃபிக் ஈக்வலைசர் இருந்தால், 250 பக்கம் குறைத்தால் 'பொம்' என்கிற குழப்பம் தணியும். 800 பக்கம் சற்று ஏற்றினால் விரலின் சத்தம் தெளியும்.

ஆம்பில் இரைச்சல் வருகிறதென்று பிளக்கிலுள்ள எர்த் பின்னை ஒருபோதும் கழற்றாதேயுங்கள். ஒரு கை தந்தியில், வாய் மைக்கில் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

4. ஆலயத்துக்குள் சத்தம்

ஆம்பை மூலையில் வைத்தால் கீழ்ச் சத்தம் வீங்கும். சுவரைவிட்டு முன்னே இழுங்கள். பலகை மேடையானால் ஆம்புக்குக் கீழே தடித்த ஃபோம் போடுங்கள். இல்லாவிட்டால் மேடையே டிரம் ஆகிவிடும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பின்வரிசை வரை நடந்து கேட்கட்டும். வாசிக்கிற இடத்தில் கேட்கிறதும் அங்கே கேட்கிறதும் ஒன்றல்ல. ஜனங்கள் வந்து நிறைந்தபின் மேல்சத்தம் அடங்கும், கீழ்ச்சத்தம் அவ்வளவாய் அடங்காது. ஆகவே முதல் பாட்டில் மறுபடியும் சரிபாருங்கள். கீழ்ச் சத்தம் சுவர் தாண்டி வெகுதூரம் போகும் என்பதால் அக்கம்பக்கத்து வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒருவரோடொருவர் இசைதல்

சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது பூரிகை ஊதினவர்களும் பாடினவர்களும் ஒரே சத்தமாய்த் தொனித்தார்கள் என்று வாசிக்கிறோம் (2 நாளா. 5:12,13). பூரிகை ஊதின ஆசாரியர்கள் மட்டும் 120 பேர்! நம்மிடம் நான்கு பேர் இருந்துகொண்டு நான்கு சத்தம் வரலாமா?

கீபோர்டில் ரிதம் போடும்போது அதற்குள்ளேயே ஒரு பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். கீபோர்டு வாசிக்கிறவர் இடதுகையைக் கொஞ்சம் மேலே ஏற்றி வாசிக்கட்டும். டிரம்ஸின் கால் அடியும் பேஸின் முதல் ஸ்வரமும் சேர்ந்து விழட்டும். செய்தியின் நடுவிலோ ஜெபவேளையிலோ மெதுவாய் வாசிக்கும்போது, ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாலே போதும். வித்தை காட்ட அது சமயமல்ல.

சோதித்துப் பாருங்கள்

இந்த வாரப் பயிற்சியில் ஒரு பாட்டை முதலில் பேஸ் இல்லாமலும், பின்பு பேஸோடும் பாடுங்கள். பிறகு மூன்று கேள்விகள்:
- பேஸ் வந்தபோது பாடுவது எளிதானதா, கடினமானதா?
- பின்வரிசையில் பாட்டின் வார்த்தைகள் புரிந்ததா?
- பேஸ் ஸ்வரத்தைக் கேட்டு, அதே சுருதியை ஒருவர் வாயால் பாடிக் காட்ட முடிந்ததா?

மூன்றாவதுக்கு 'முடியவில்லை' என்று பதில் வந்தால் வால்யூமை ஏற்றாதேயுங்கள். மறுபடியும் கையிலிருந்து ஆரம்பியுங்கள்.

விசுவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தம் அதிகமானால் வெளியே முறுமுறுக்காமல், தம்பியிடம் அன்பாய்ச் சொல்லுங்கள். நன்றாயிருந்தால் அதையும் சொல்லுங்கள். தாவீதின் நாட்களில் பாட்டைக் கற்றுத் தேறினவர்கள் 288 பேர் என்று வேதம் எண்ணிக் காட்டுகிறது (1 நாளா. 25:7). கற்றுத் தேறுவதும் ஊழியம்தான். அடுத்த ஞாயிறு அந்தப் பின்வரிசை அம்மா கடைசிச் சரணம் வரைக்கும் பாடட்டும்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.